தொழில் தெரிந்தவர் என்று காட்டுவது எப்படி? பயிற்றுநர்களும் மதிப்பீட்டாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 12 ஆண்டுகள் மின்பணி செய்துவிட்டு 2007-இல் பயிற்றுநரானவன். சிங்கப்பூரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வகுப்பெடுக்கிறேன், மதிப்பீடும் செய்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பலர் தொலைபேசியில் கூப்பிட்டும், தேக்காவில் தேநீர் குடிக்கும்போதும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒருசேர எழுதுகிறேன். எனக்குக் கைவந்த தொழில் மின்பணி என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். சமையலோ தாதிமையோ வெல்டிங்கோ, நீங்கள் உங்கள் தொழிலுக்குப் பொருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏசிஎல்பி என்னும் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டேன். அது போதாதா?

பாடம் நடத்தவும் மதிப்பிடவும் கற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு அது சான்று. முன்பு ஆக்டா என்று இருந்ததுதான் இப்போது ஏசிஎல்பி. நாம் ஐஏஎல் என்றே சொல்லிப் பழகிவிட்ட பெரியோர் கற்றல் கழகத்தில் அந்த வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ஒரே மேசையில் வெல்டர் இருப்பார், தாதி இருப்பார், கணக்கு எழுதுபவர் இருப்பார், சமையல்காரர் இருப்பார். எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்து, கடைசியில் ஒரே சான்றிதழை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வகுப்பில் வெல்டருக்கு வெல்டிங் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. அது அந்த வகுப்பின் வேலையும் இல்லை.

அதனால் தொழில் தெரியும் என்பதை நீங்கள் தனியாகக் காட்ட வேண்டும். 2005-இல் தொடங்கிய டபிள்யூஎஸ்கியூ என்னும் சிங்கப்பூர்த் தொழில்திறன் தகுதி முறையில் ஒரு பாடத்தை நடத்தப் பயிற்சி நிலையம் உங்கள் பெயரைக் கொடுக்கும்போது, கற்பிக்கும் தகுதியோடு அந்தத் துறையில் நீங்கள் செய்த வேலையும் பார்க்கப்படும்.

'தொழில் தகுதி' என்றால் சரியாக எதைச் சொல்கிறார்கள்?

இதை மிகத் தெளிவாகப் பிரித்து எழுதியவர்கள் ஆஸ்திரேலியர்கள் என்பது என் கருத்து. அங்கே 2015-இல் வந்த பயிற்சி நிறுவனத் தரநிலைகளின் 1.13-ஆம் விதி, பயிற்றுநரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டது. கற்பிக்கும் பாடத்தின் அளவுக்காவது தொழில் திறன் இருக்க வேண்டும். அந்தத் தொழிலில் இன்றைய நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். கற்பிப்பதிலும் மதிப்பிடுவதிலும் இன்றைய அறிவு இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அங்கே புதிய தரநிலைகள் நடப்புக்கு வந்துவிட்டன. இருந்தாலும் அந்த மூன்று பிரிவும் யோசிப்பதற்கு நல்ல வழி. நம் ஊர் விதிகள் வேறு சொற்களில் இருக்கும், ஆனால் தணிக்கைக்கு வருபவர் உங்களிடம் கேட்பதும் இதே மூன்றைத்தான்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது 'பாடத்தின் அளவுக்கு' என்பதை. 20 ஆண்டுகள் வயரிங் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் வேலை முடிந்ததும் சோதனை செய்து மின்சாரம் கொடுத்தது எப்போதும் வேறொருவர். அப்படியானால் வயரிங் பாடத்துக்கு அவர் தங்கமான பயிற்றுநர், சோதனைப் பாடத்துக்கு இன்னும் தயாராகவில்லை. 'எலக்ட்ரிக்கல் தெரியும்' என்ற ஒரு வரியில் இரண்டையும் அடக்க முடியாது. பாடத்தில் உள்ள ஒவ்வொரு திறனையும் தனியாக எடுத்து, 'இதை நான் என் கையால் செய்திருக்கிறேனா, கடைசியாக எப்போது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது. 'இன்றைய நிலவரம் தெரியுமா' என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வருத்தத்தோடு கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் ஒரு காலத்தில் இருந்தது. அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பழைய கேபிள் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பிகள்), கறுப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் கம்பி). 2009-இல் அது மாறியது. மூன்று ஃபேஸும் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆயின. நியூட்ரல் நீலமானது. நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நேற்றுவரை நியூட்ரலாக இருந்த கறுப்பு இன்று ஃபேஸ். நேற்றுவரை ஃபேஸாக இருந்த நீலம் இன்று நியூட்ரல். அதனால் எந்த நிறத்தையும் பழைய பழக்கத்தில் நம்ப முடியாது.

நான் சைட்டை விட்டு வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. சுற்றறிக்கை வந்தபோது படித்தேன், ஸ்லைடையும் மாற்றினேன். ஆனால் புது நிறக் கேபிளில் ஒரு டிபியைக்கூட (மின்பகிர்வுப் பெட்டி) என் கையால் கட்டவில்லை. 2011 வாக்கில் வகுப்பில் ஒரு தம்பி, தான் வேலை செய்யும் சைட்டில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, "சார், இந்தக் கறுப்பு எங்கே போகுது?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் "நியூட்ரல்" என்றேன். அவர் தயங்கித் தயங்கி, "இல்லை சார், இது புது கேபிள், த்ரீ ஃபேஸ். கறுப்பு எல்2" என்றார். எல்2 என்றால் இரண்டாம் ஃபேஸ். அவர் சொன்னது சரி. வகுப்பில் 18 பேர் இருந்தார்கள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் 18 பேரும் என் பதிலை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போயிருப்பார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புது நிறம் வந்துவிட்டதால் பழைய நிறம் மறைந்துவிடவும் இல்லை. தோ பாயோவிலோ குவீன்ஸ்டவுனிலோ ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவரைத் திறந்தால் சிவப்பும் கறுப்பும் இன்னும் இருக்கும். புதுப்பித்த சமையலறையில் பழுப்பும் நீலமும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கப்போவது நம்மிடம் படித்தவர்கள்தான். ஆகவே பயிற்றுநருக்குப் பழையதும் தெரிய வேண்டும், புதியதும் தெரிய வேண்டும்.

மின்பணி விதித்தொகுப்பும் அப்படித்தான். நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த சிபி 5 போய், 2018-இல் எஸ்எஸ் 638 வந்தது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளிலும் 2025 ஜூலைக்குள் பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் காலக்கெடு வைத்தது. 'பழைய வீடானால் இல்லாமலும் இருக்கலாம்' என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்த வரியை இப்போது சொல்லக் கூடாது.

வேறு தொழில்களும் இதற்கு விலக்கு இல்லை. முதலுதவிப் பயிற்றுநர்களைக் கேளுங்கள். 2010 வரை மூச்சுவழி, மூச்சு, நெஞ்சழுத்தம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பின் நெஞ்சழுத்தம் முதலில் வந்தது. 2015-இல் அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று மேல் எல்லையும் வைக்கப்பட்டது. அந்த மாற்றங்களைக் கவனிக்காத ஒருவர் எத்தனை அன்பாகக் கற்றுக்கொடுத்தாலும், அந்த வகுப்பில் படித்தவரின் கை தவறான வரிசையில்தான் போகும்.

கோப்பில் என்னென்ன வைக்க வேண்டும்?

சான்றிதழ்கள், உரிமங்கள், வேலை செய்த இடங்களின் கடிதங்கள், அண்மைக்கால வேலைக்கான பதிவுகள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். கோப்பு தடியாக இருந்தும் தணிக்கையில் திரும்பி வருவது வேறு காரணத்தால். எந்தத் தாள் பாடத்தின் எந்தத் திறனுக்கு ஆதாரம் என்பது அதில் இருக்காது. பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் ஒரு திறனுக்கு ஒரு பக்கம் என்று வைத்திருக்கிறேன். மேலே திறனின் பெயர். கீழே அதை எங்கே கற்றேன், எங்கே செய்தேன், கடைசியாக எப்போது செய்தேன். பின்னால் தாள்கள். மாணவரின் சான்றுகளை நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோமோ அதே கண்ணால் நம்முடையதையும் பார்க்க வேண்டும்: இந்தத் திறனுக்குப் பொருந்துகிறதா, போதுமான அளவு இருக்கிறதா, என் வேலைதானா, அண்மையதா.

ஓர் உதாரணம். 'சென்ற ஆண்டு பல சைட்டுகளில் மின்பணி அனுபவம் பெற்றேன்' என்று எழுதினால் அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'மார்ச் 11 முதல் 14 வரை, பூன் லேயில் ஒரு தொழிற்கூடப் புதுப்பிப்பு வேலை. உரிமம் பெற்ற மின்பணியாளரின் மேற்பார்வையில் ஒரு டிபிக்கு இன்சுலேஷன் சோதனையும் ஆர்சிசிபி சோதனையும் செய்தேன். சோதனைத் தாளின் நகல் பின்னால் உள்ளது. திரும்பி வந்ததும் வகுப்பில் சோதனைத் தாளை நிரப்பும் பயிற்சியை மாற்றினேன்.' கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சைட்டில் பார்த்தது வகுப்புக்கு வந்து சேர்ந்ததா என்பதை அது ஒன்றுதான் காட்டும்.

படம் எடுக்கும்போது கவனம். உடன் வேலை செய்பவரின் முகமும் வாடிக்கையாளரின் பெயர்ப்பலகையும் கேட்காமல் உங்கள் கோப்புக்குள் வரக் கூடாது. 2012-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம், மரியாதை இன்னொரு பக்கம்.

கைத்தொழில் தெரியும், தாள் எதுவும் இல்லை. எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. டபிள்யூஎஸ்கியூ பாடங்கள் பலவற்றில் வகுப்புக்குப் போகாமல் நேரே மதிப்பீட்டுக்குப் போகும் வழி உண்டு. தேர்ச்சி பெற்றால் வகுப்பில் உட்கார்ந்தவருக்குக் கிடைக்கும் அதே சான்று கிடைக்கும். நம் ஆட்களில் நிறைய பேர் ஊரில் டெஸ்ட் அடித்து, அதாவது சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வில் தேறி வந்து, இங்கே பதினைந்து ஆண்டு உழைத்து, மேற்பார்வையாளராகவும் ஆகி, கையில் அந்தப் பழைய டெஸ்ட் தாளைத் தவிர வேறொன்றும் இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இது.

அடுத்தது, வேலை பார்த்த இடத்தில் கடிதம் வாங்குவது. 'நல்ல மனிதர், கடுமையாக உழைப்பவர்' என்று எழுதித் தருவார்கள். மனத்துக்கு நிறைவாக இருக்கும், கோப்புக்கு உதவாது. என்ன வேலை, என்ன பொறுப்பு, எத்தனை காலம், யார் மேற்பார்வையில் என்று நீங்களே குறித்துக் கொடுத்து, அவர் சரிபார்த்துக் கையெழுத்திடும்படி கேளுங்கள். கம்பெனி மூடுவதற்கு முன்பே கேளுங்கள். மூடிய பிறகு தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் முழுநேரப் பயிற்றுநர். சைட்டுக்குப் போக நேரம் எங்கே?

உண்மையான சிரமம் இது. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, ஆறாம் நாள் மதிப்பீடு, அதற்குப் பிறகு தாள் வேலை. இருந்தாலும் ஆண்டுக்குச் சில நாள் சைட்டில் நிற்பதற்கு ஈடாக நான் கண்டது வேறு எதுவும் இல்லை. வகுப்பு குறைவாக இருக்கும் வாரத்தை முன்கூட்டியே பார்த்துவைத்து, பழைய முதலாளியிடமோ முன்னாள் மாணவரிடமோ கேளுங்கள். நான் அப்படித்தான் போகிறேன். முதல் நாள் காலை, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்பதிலேயே அந்த வருடம் என்னென்ன மாறியிருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

உரிமம் தேவைப்படும் வேலையானால் உரிமத்தின் எல்லைக்குள் நில்லுங்கள். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு 45 கேவிஏ மின்சுமை வரைதான். 'பழகிக்கொள்வதற்காக' அதைத் தாண்டிக் கைவைத்தால் அது தகுதியைக் காட்டாது, குற்றமாகிவிடும்.

போக முடியாத மாதங்களுக்கு வேறு வழிகள் உண்டு. மனிதவள அமைச்சும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார மன்றமும் விபத்து நடந்தபின் வெளியிடும் எச்சரிக்கை அறிவிப்புகளைப் படியுங்கள். உங்கள் தொழிலில் நடந்த விபத்து ஒவ்வொன்றையும் எடுத்து, 'என் வகுப்பில் படித்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?' என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இது மிகவும் உதவியிருக்கிறது. சாதனம் விற்பவர்கள் நடத்தும் செயல்விளக்கங்களுக்கும் போகலாம். அவர்கள் விற்கத்தான் வருகிறார்கள் என்பதை மறந்துவிடாமல் பார்த்தால் போதும்.

இணையக் கருத்தரங்குகள் கணக்கில் வருமா?

பார்த்ததை வைத்து எதையாவது மாற்றியிருந்தால் வரும். கேமராவை மூடிவிட்டு வேறு வேலை பார்த்த இரண்டு மணி நேரம் உங்களுக்கும் உதவாது, உங்கள் மாணவருக்கும் உதவாது.

நான் தமிழில் வகுப்பெடுக்கிறேன். அதற்கென்று தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டுமானப் பாதுகாப்பு அறிமுக வகுப்பு, நாம் சிஎஸ்ஓசி என்பது, தமிழிலும் நடக்கிறது. அதில் உட்காரும் தம்பி புதுக்கோட்டையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அவருக்கு நீங்கள் 'பாதுகாப்புக் கச்சை' என்று அழகான தமிழில் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், சைட்டில் சூப்பர்வைசர் "ஹார்னஸ் ஹூக் பண்ணு" என்று கத்தும்போது அவர் விழிப்பார். விளக்கம் தமிழில் இருக்கட்டும். பொருளின் பெயர் சைட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே இருக்கட்டும்: ஹார்னஸ், லைஃப்லைன், ஸ்காஃபோல்டிங், ரிக்கர், சிக்னல்மேன். தமிழ் மேல் எனக்கு உள்ள பற்று யாருக்கும் குறைந்ததில்லை, ஆனால் இந்த இடத்தில் ஓர் உயிர் ஒரு சொல்லை நம்பி இருக்கிறது. இந்தச் சொற்கள் இன்று எப்படிப் புழங்குகின்றன என்று தெரிந்துவைத்திருப்பதும் தொழில் தகுதியில் சேர்ந்ததே.

விதியை வெறும் எண்ணாக விட்டுவிடாதீர்கள். உயரத்தில் வேலை பற்றிய 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு பிடிடபிள்யூ என்னும் வேலை அனுமதி வேண்டும். '3 மீட்டர்' என்று சொல்லி நகர்ந்துவிடாமல், வகுப்பறைக் கூரையைக் காட்டி அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களே மறக்க மாட்டார்கள்.

மதிப்பீட்டாளராக இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

மனத்தைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். நம் ஆள் ஒருவர் முன்னால் நிற்கிறார். ஊரில் கடன் வாங்கி வந்திருக்கிறார். இதில் தேறாவிட்டால் வேலை தள்ளிப்போகும் என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. கேள்வி கேட்கிறோம், பதில் வரவில்லை. நம் வாய் தானாக, "முதலில் மின்சாரத்தை அணைக்கணும், இல்லையா?" என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அவர் தலையாட்டுகிறார். நாம் 'காம்பிடன்ட்' (திறன் பெற்றவர்) என்று குறித்துவிடுகிறோம். அங்கே மதிப்பிடப்பட்டது நம் அறிவு. நான் இதைச் செய்திருக்கிறேன், ஒருமுறை அல்ல.

இப்போது செய்வது இதுதான். கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்பேன். தமிழில் கேட்பேன், தேவைப்பட்டால் பேச்சுத் தமிழிலேயே கேட்பேன். பதில் எழுத வராதவரிடம், மதிப்பீட்டுத் திட்டம் இடம்கொடுத்தால், வாய்மொழியாகக் கேட்டு அப்படியே பதிவு செய்வேன். எழுத்து வராதது மின்பணி வராததற்குச் சமம் அல்ல. ஆனால் பதிலை மட்டும் நான் தர மாட்டேன். வராவிட்டால் 'நாட் யெட் காம்பிடன்ட்'. அதைத் தமிழில் சொல்லும்போது 'ஃபெயில்' என்று சொல்லாதீர்கள். "இன்னும் வரவில்லை தம்பி. இந்த இடம் மட்டும்தான் வரவில்லை. இதைப் பழகிவிட்டு வாங்க" என்று எந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இன்னொரு மதிப்பீட்டாளரோடு உட்கார்ந்து, ஒரே மாணவரின் வேலையை இருவரும் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு வரும் இடத்தில் நிறையப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சின் குறிப்பையும் கோப்பில் வையுங்கள்.

பாடத்தில் ஒரு பகுதி எனக்குச் சரியாகத் தெரியாது. என்ன செய்வது?

நிலையத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பகுதிக்கு அதைச் செய்பவர் ஒருவரை அழைத்து, அவர் செய்துகாட்ட, நீங்கள் வகுப்பை நடத்தலாம். மதிப்பீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தெரியாத வேலையைப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போடுவது ஆபத்து.

பல நிலையங்களுக்குப் பகுதிநேரமாகப் போகிறேன். என் கோப்பை யார் வைத்திருப்பார்கள்?

நீங்கள்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் நகல் கொடுங்கள், மூலம் வீட்டில் இருக்கட்டும்.

பிள்ளைப்பேற்றுக்காக மூன்று ஆண்டு விலகியிருந்தேன். மீண்டும் வர முடியுமா?

தாராளமாக. விலகியிருந்த காலத்தில் உங்கள் தொழிலில் மாறிய விதிகள், கருவிகள், படிவங்கள் ஆகியவற்றை முதலில் பட்டியலிடுங்கள். பிறகு சில நாள் வேலையிடத்தில், சில வகுப்புகளில் இன்னொரு பயிற்றுநரோடு சேர்ந்து நில்லுங்கள். கற்பிக்கும் திறன் சீக்கிரம் திரும்பி வந்துவிடும். தொழிலுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் நாள் கொடுக்க வேண்டும்.

மாணவர் என்னைவிட அதிகம் தெரிந்தவராக இருந்தால்?

நம் வகுப்புகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அவர் நேற்றுவரை சைட்டில் இருந்தவர். அவர் சொல்வதைப் பலகையில் எழுதுங்கள். எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். சரி என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அன்று மாலையே விதித்தொகுப்பை எடுத்துப் பார்த்து, மறுநாள் காலை முதல் வேலையாக எல்லாருக்கும் சொல்லுங்கள். கேபிள் நிறத்தில் என்னைத் திருத்திய அந்தத் தம்பி இப்போது ஒரு சைட்டில் மேற்பார்வையாளர். ஆண்டுதோறும் நான் சில நாள் போய் நிற்பது அவருடைய சைட்டில்தான்.